மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 18, புதன். காங்கேயம்

காலையில் சம்மந்தி வந்துவிட்டுப் போனார். காபியைப் பாதியில் வைத்துவிட்டார். "வாத்தியாரே, நீங்க ஒருக்காப் போயிப் பேசுனீங்கன்னா புள்ள கேட்டுக்கும். பூபதி போன்ல அழுவறானுங்" என்றார். பூபதி அவர் மகன், என் மருமகன்.

தாரணி போன மாதம் ஜப்பானிலிருந்து பேசும்போது, "அப்பா, நான் அங்க வந்துடறேன். இனிமே இவரோட இருக்கல" என்று சொன்னாள். ஏன் கண்ணு என்றதற்கு, "நேர்ல சொல்றேன்" என்றாள். அன்றிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் போன் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. பூபதியும் பக்கத்திலேயே இருக்கிறார். "ஒண்ணுமில்லீங் மாமா, சின்ன மனஸ்தாபந்தான்" என்பார். எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியதும் அவர்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். இரண்டு பொருள் உரசினால் சூடு வரத்தான் செய்யும். ஊஞ்சல் கிறீச்சிட்டால் சங்கிலியை அறுத்தா எறிகிறோம்? இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறோம். இதைத்தான் தாரணியிடம் சொல்லப்போகிறேன். கல்யாணமாகி மூன்று வருடம்தானே ஆகிறது.

மனைவி வசந்தாமணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் இந்த ஊஞ்சல் உதாரணத்தைச் சொன்னதும், "நீங்க உங்க உதாரணத்த எடுத்துட்டு வாங்க, நான் பருப்புப்பொடிய எடுத்துட்டு வர்றேன். எதுக்குப் புள்ள எறங்கி வருதுன்னு பாத்துக்கலாமுங்" என்றாள்.

அக்டோபர் 21, சனி. ஃபுகுவோகா

அதிர்ச்சிகளை ஒவ்வொன்றாக எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.

டாக்சிக் கதவு தானே திறந்தது. நான் பழக்கத்தில் பிடித்து இழுக்க, ஓட்டுநர் பதறிப்போய் ஏதோ சொல்லிக் கும்பிட்டார். ரயில் பெட்டி நிறைய ஆட்கள், ஆனால் ஒரு குரல் இல்லை. வசந்தாமணி என் காதில், "யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?" என்றாள். கழிவறைக்குள் நுழைந்தால் மூடி தானாக எழுந்து நிற்கிறது. வகுப்பறைக்குள் ஆசிரியர் வந்ததும் பிள்ளைகள் எழுவதைப் போல. ஓய்வு பெற்றபின் எனக்கு எழுந்து நின்ற முதல் பொருள் இதுதான்.

பூபதி விமான நிலையத்திலேயே காலில் விழுந்தார். பெட்டியை என்னைத் தொடவிடவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு போட்டு, குச்சி குத்திக் கொண்டுவந்து வைத்தார். இப்படிப்பட்டவரோடு என்ன மனஸ்தாபம் வரும்?

தாரணி இளைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது சட்டைக் கை முழங்கைவரை நனைந்துவிட்டது. "கைய மடிச்சு உட்டுக்கிட்டுக் கழுவு கண்ணு" என்றாள் அம்மாக்காரி. "குளுருதும்மா" என்றாள். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது. இங்கேயே இருப்பவர்களுக்கு உடம்பு வேறு மாதிரி பழகிவிடும் போலிருக்கிறது.

அக்டோபர் 22, ஞாயிறு

இந்த வீட்டில் தனியாகப் பேச முடியாது. ஒரு கூடம், இரண்டு சிறு அறைகள். பூபதிக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நானும் தாரணியும் உட்கார்ந்தால் அவரும் டீயோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். பெரியவர்களைத் தனியாக விடக்கூடாது என்கிற மரியாதை.

துணி அலமாரிக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது. எடுத்துக்காட்டச் சொன்னேன். எல்லாம் தாரணியின் சித்திரக்கதைப் புத்தகங்கள். மாங்கா என்கிறார்கள். கல்லூரி நாளில் ராப்பகலாகப் படித்து, இதற்காகவே அந்த மொழியைக் கற்றுக்கொண்டாளே, அந்தத் தொடர்தான். மாப்பிள்ளைக்கு ஜப்பானில் வேலை என்றதும், "ஜாதகப் பொருத்தத்தை விட ஊர்ப் பொருத்தம் நல்லா இருக்கு" என்று நானே கேலி செய்தேன். "எடத்த அடைக்குதுங் மாமா, அதான் கட்டி மேல போட்டுட்டேன்" என்றார் பூபதி.

ஒன்றைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம்! தாரணி கதை சொன்னாள். ஒரு தபால்காரி, ஒரு பல் டாக்டர். இருவரும் தோழிகள். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஊருக்குப் போய் வெந்நீர் ஊற்றில் குளிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

"குளிக்கறதுல என்ன கண்ணு கதை?" என்றேன்.

"வெளியில ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்க மாட்டாங்கப்பா. தண்ணியில எறங்கினாத்தான் பேசுவாங்க." பிறகு சட்டென்று, "நாம போலாமா? நாலு நாள். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கும் நல்லது. அந்தக் கதையில வர்ற ஊருக்கே போலாம்" என்றாள்.

பூபதிதான் தயங்கினார். "அங்க எல்லாரும் துணியில்லாமக் குளிப்பாங்க மாமா. அத்தைக்கு ஒத்துவராதுங்."

எனக்கு டீ புரையேறிவிட்டது. வசந்தாமணி, "ஆம்பளையும் பொம்பளையுமாவா?" என்று அலறினாள். இல்லையாம், தனித்தனியாம். குற்றாலத்தில் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளிக்கிற மாதிரி குளித்துவிட்டால் போகிறது என்று அவளே ஒரு வழியும் சொல்லிக்கொண்டாள். வெகுநாள் கழித்துத் தாரணி சிரித்தாள்.

கடைசியில் பூபதியும் லீவு போட்டுக் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். தாரணி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்கள்.

அக்டோபர் 24, செவ்வாய். பெப்பு

ஊரே புகைகிறது. சாக்கடை மூடியிலிருந்து ஆவி, வீட்டுக் கொல்லையிலிருந்து ஆவி, கோயில் பக்கத்திலிருந்து ஆவி. பூமிக்கடியில் யாரோ பெரிய அண்டாவில் நெல் அவிப்பதைப் போல. கந்தக வாடை. வசந்தாமணி, "எல்லாரும் முட்டை சாப்டுட்டு வந்துட்டாங்களா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆண்கள் பக்கம் நீலத் திரை, பெண்கள் பக்கம் சிவப்புத் திரை. உள்ளே கூடைகள். கூடைக்குள் எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டும். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். கையகலத் துண்டு ஒன்று தருகிறார்கள். அதைத் தண்ணீருக்குள் நனைக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். மறைக்கத் தந்தார்கள் என்று நினைத்தால், அது தலைப்பாகை!

மருமகனுக்கு எதிரில் மாமனார் இப்படி நிற்பது எந்த ஊர் நியாயம்? கண்ணை மேற்கூரையில் வைத்துக்கொண்டேன். ஆனால் சுற்றிலும் கிழவர்கள், ஏதோ பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் போல, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் எனக்கும் பழகிவிட்டது. குளத்தில் இறங்குமுன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூபதி என் பின்னால் வந்து உட்கார்ந்து முதுகு தேய்த்துவிட்டார். இங்கே மகன் தகப்பனுக்கு இப்படிச் செய்வது வழக்கமாம். எனக்கு மகன் இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெளியே வந்தால் பெண்கள் பக்கம் ஒரே ரகளை. வசந்தாமணி சொன்னபடியே பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கப் போயிருக்கிறாள். பணிப்பெண் ஓடிவந்து, கையை எக்ஸ் மாதிரி குறுக்கே வைத்துத் தடுத்திருக்கிறாள். தண்ணீருக்குள் துணி ஆகவே ஆகாதாம்.

"அத அவுக்கறதுக்கு நான் அப்பிடியே ஊருக்குப் போயிருவேன்" என்று இவள் திரும்பி வந்துவிட்டாள். தாரணியும் குளிக்கவில்லை. இருவரும் தெருவோர வெந்நீர்த் தொட்டியில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூபதி தலையைக்கூடத் துவட்டாமல் வேகமாகப் போய், "அத்தை குளிக்கலீங்களா?" என்றார். இல்லை என்றதும், "நான்தான் அப்பவே சொன்னேனுங்களே" என்று சிரித்து, எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிவந்தார்.

அக்டோபர் 25, புதன்

மழை. பூமி ஆவியில் அவித்த முட்டை, பூசணி, சோளம் சாப்பிட்டோம். நல்ல ருசி. தாரணி அவித்த சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பேச இன்றும் தோது வரவில்லை.

அக்டோபர் 26, வியாழன். மலை விடுதி

மலைக்குள், ஆற்றங்கரையில் ஓர் ஊர். விடுதிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. தாரணியின் கதையில் தபால்காரி அழுகிற ஊர் இதுதானாம்.

நுழைந்ததுமே ஓர் அதிர்ச்சி. விடுதியில் தந்த தொளதொள அங்கியை வசந்தாமணி மாட்டிக்கொண்டு வந்தாள். விடுதி நடத்தும் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, அவிழ்த்து, மாற்றிக் கட்டிவிட்டார். வலப்பக்கத் துணியை மேலே விட்டுக் கட்டுவது பிணத்துக்குத்தானாம். "நல்ல சகுனந்தான் போங்க" என்று வசந்தாமணி சிரித்தாலும் முகம் செத்துவிட்டது.

மதியம் பூபதி அலுவலக போனில் மாட்டிக்கொண்டார். நானும் தாரணியும் ஆற்றுப் பாலம் வரை நடந்தோம். இதுதான் சமயம் என்று ஊஞ்சலைச் சொன்னேன். பிறகு, பிரஷர் குக்கரில் ஆவி சேர்ந்தால் விசில் வழியாக விட வேண்டுமே தவிர மூடியைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க உதாரணத்துல எல்லாம் நான் ஒரு சாமானாத்தான் வர்றேன். சங்கிலியா வர்றேன், குக்கரா வர்றேன். சாமானுக்கு வலிக்காது."

வகுப்பில் ஒரு மாணவன்கூட இப்படிக் கேட்டதில்லை. "செரி கண்ணு, நீயே சொல்லு" என்றேன்.

"சொல்ல வரல. அம்மாவ நாளைக்கு என்கூடக் குளிக்க வரச் சொல்லுங்க. அது மட்டும் போதும்."

"அவ வரமாட்டேங்கறாளே."

"நீங்க சொல்லுங்கப்பா."

குளியலுக்கும் குடும்பப் பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சித்திரக்கதை படித்துப் படித்து வாழ்க்கையையும் அப்படியே நினைக்கிறாள். பூபதி பாலத்தை நோக்கி ஓடிவருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் பூபதி ஒரு நல்ல செய்தி சொன்னார். இங்கே குடும்பத்துக்கென்று தனிக் குளியல் அறை உண்டாம். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம். நாளைக் காலைக்கு எனக்கும் வசந்தாமணிக்கும் பதிவு செய்துவிட்டாராம். "அத்தை யாருக்கு முன்னாலயும் கூச்சப்பட வேண்டாமுங். நீங்களும் மாமாவும் மட்டும்." எவ்வளவு யோசனை பாருங்கள், நான் நெகிழ்ந்துபோனேன்.

வசந்தாமணி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இவரோடயா? நானா? நாப்பது வருசமா இல்லாத கூத்து எனக்கெதுக்குங் மாப்பிள்ளை? அதுக்கு நான் புள்ளையோடவே போயிருவேன். நான் பெத்ததுகிட்ட எனக்கென்ன வெக்கம்?"

"இல்லீங் அத்தை, தாரணிக்கு அதெல்லாம் பிடிக்காது..."

"எனக்குப் பிடிக்கும்" என்றாள் தாரணி.

பூபதி அவளைப் பார்த்தார். அவள் ஊறுகாயைப் பார்த்தாள். பிறகு அவர் எனக்கு இன்னொரு கிண்ணம் சோறு வாங்கி வைத்தார்.

அக்டோபர் 27, வெள்ளி. காலை

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

திறந்தவெளிக் குளியல். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். தண்ணீர் ஒரே ஊற்று, தட்டிக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. எங்கள் பக்கம் நானும் பூபதியும் மட்டும். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வசந்தாமணி கத்தினாள். "ஏனுங், கேக்குதா? இங்க ஆளே இல்லீங்! நாங்க மட்டுந்தான்!"

"கேக்குது, மெல்லப் பேசு" என்றேன்.

"தண்ணி ரசம் கொதிக்கறாப்பல கொதிக்குது! யாத்தே! ஆனா முழங்காலுக்கு எதமா இருக்குதுங்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாடை போய்விட்டது என்று புரிந்தது. பூபதியும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் இருந்ததால் பார்க்கவில்லை.

பிறகு அவள் தாரணியிடம் பேசுவது கேட்டது. "ஏங்கண்ணு, துண்டப் போத்திக்கிட்டே எறங்கற? தண்ணிக்குள்ள துணி ஆகாது, அந்தப் பொம்பள வந்து கைய குறுக்க வெச்சுச் சத்தம் போடுவா. எடு. நான் பாக்காத ஒடம்பா?"

தாரணி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும்.

பிறகு வசந்தாமணியின் குரல். கத்தவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"கண்ணு, திரும்பு... இந்தப் பக்கம் திரும்பு."

என் முதுகில் இருந்த கை நின்றது. நின்று, மறுபடி தேய்க்க ஆரம்பித்தது. முன்பைவிட அழுத்தமாக.

"அத்தைக்குச் சூடு தாங்கலீங் போல மாமா" என்றார்.

ஆமாம் என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவர் செம்பில் தண்ணீர் மொண்டு என் தோளில் ஊற்றினார். சூடு பார்த்து, பதமாகத்தான் ஊற்றினார்.

அதே நாள், மாலை

வசந்தாமணி காலைச் சாப்பாடும் சாப்பிடவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. "என்கூட வாங்க" என்று ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். ஒரு பாறையில் உட்கார்ந்து, அங்கியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"முதுகுலங்க. மேல்கையில. தொடையில. துணி மறைக்கற எடமாப் பாத்து. பழசு மேல புதுசு."

எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசைதான். புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் சொன்னது: "எங்கயாச்சும் உழுந்திருப்பாளோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரே எடத்துல எத்தன தடவைங்க உழுவாங்க?"

ஆற்றின் அக்கரையில் இரண்டு பெண்கள் குடை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகு எரிந்தது. அவர் தேய்த்த இடம்.

"ஏன் நம்மகிட்ட முந்தியே சொல்லல?" என்றேன் கடைசியில்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'வாயால சொன்னா அப்பா ஒரு உதாரணம் சொல்லுவாரு, நீ மலைக்கோயிலுக்கு வேண்டிக்குவ. கண்ணால பாத்துட்டா ஒண்ணும் சொல்ல முடியாதில்லம்மா' அப்படின்னா. தண்ணிக்குள்ள உக்காந்துக்கிட்டு, அந்தக் கதைப் பொம்பளைங்க மாதிரியே. இதுக்குத்தானுங்க நம்மளக் குளிக்கக் கூட்டிட்டு வந்திருக்கா. நான் பாவாடையக் கட்டிக்கிட்டு நின்னிருக்கேன் பாருங்க."

"நான் பேசறேன்" என்று எழுந்தேன். எதைப் பேசுவேன் என்று தெரியாமலே எழுந்தேன். அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். தாரணி நாளைக் காலை கிளம்ப ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டாளாம். விடுதி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் விடுதி வேனில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நகரத்தில் பெண்களுக்கான அரசு ஆலோசனை மையம் இருக்கிறதாம், அந்த எண்ணையும் கொடுத்திருக்கிறார்.

"அப்பா என்ன சொல்றாரோன்னு பயப்படறா" என்றாள்.

திரும்பி வந்தபோது தாரணி விடுதி வாசலில் நின்றிருந்தாள். எனக்குக் கிட்டே போகவே கால் வரவில்லை. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியவில்லை. தலையில் கை வைத்தேன்.

"கெளம்பு கண்ணு" என்றேன்.

இன்றிரவு அவள் அம்மாவோடு படுத்துக்கொள்கிறாள். நான் பூபதியின் அறையில். முழங்கால் பிடித்துவிட யாராவது வேண்டும் என்று வசந்தாமணி சொன்ன காரணத்தை அவர் மறுக்கவில்லை. எனக்குப் பாய் விரித்துக் கொடுத்தார்.

அக்டோபர் 28, சனி

தாரணியும் வசந்தாமணியும் வேனில் ஏறிவிட்டார்கள். நான் வரவேற்பறையில் செருப்புக்குக் காத்திருந்தேன். இங்கே செருப்பையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். பூபதி அங்கியோடு இறங்கி வந்தார். தலை கலைந்திருந்தது.

"என்னங் மாமா இது, சொல்லாமக் கொள்ளாம? தாரணி எங்கங்க?"

"வண்டியில."

"நீங்க ஒரு வார்த்த எடுத்துச் சொல்லுங் மாமா. யார் பேச்சையும் கேக்க மாட்டா, உங்க பேச்சுக் கேப்பா. அதுக்குத்தான உங்கள வரவெச்சேன்."

"சொல்லிட்டனுங் மாப்பிள்ளை."

"என்ன சொன்னீங்க?"

"கெளம்புன்னேன்."

விடுதி அம்மாள் மேசைக்குப் பின்னாலேயே நின்றார், போகவில்லை. பூபதி குரலை இன்னும் தணித்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரல். அந்தக் குரலில்தான் எல்லாமே நடந்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அத்தை என்னமோ பாத்துட்டுப் பயந்துட்டாங்க. எனக்கும் வேலையில ஆயிரம் இருக்குதுங் மாமா. இது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். நீங்களே சொல்லுங்க, இத்தன வருசத்துல அத்தைய ஒருக்காக்கூடக் கை நீட்டுனதில்லீங்களா?"

"இல்லீங்."

இந்தப் பத்து நாளில் எத்தனை அதிர்ச்சி எழுதியிருப்பேன்! கதவு திறந்தது, மூடி எழுந்தது என்று. ஆனால் என் இந்தப் பதிலைக் கேட்டு அந்த முகத்தில் வந்ததைப் போல ஓர் அதிர்ச்சியை நான் பார்த்ததில்லை. அவர் உண்மையாகவே நம்பவில்லை. நான் பொய் சொல்கிறேனா என்று என் கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தார். என் வீட்டிலும் அது நடந்திருக்கும் என்ற தைரியத்தில்தான் என்னை அழைத்திருக்கிறார்.

அப்போது பணிப்பெண் என் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பூபதி, பழக்கத்தில், குனிந்து அதை எனக்கு வாகாகத் திருப்பி வைத்தார். காலை நுழைக்கச் சுலபமாக, அவ்வளவு நேர்த்தியாக.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து வேனுக்குப் போனேன்.

"அப்பா, காலு" என்றாள் தாரணி.

"பரவால்ல கண்ணு."

அக்டோபர் 29, ஞாயிறு

நகரத்தில், ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜ். மூவருக்கும் ஒரே அறை. தாரணி பதினோரு மணிவரை தூங்கினாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். பிறகு அது தப்பு என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன்.

எழுத வரவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

ஆலோசனை மையம் ஒரு சாதாரணக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகைகூடப் பெரிதாக இல்லை. கத்தரித்த முடியோடு ஓர் அதிகாரிப் பெண், தாரணியைவிடச் சின்ன வயது இருக்கும், குனிந்து வணங்கி உள்ளே அழைத்தாள். நானும் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"நீங்க வெளிய இருக்கணுமாம்ப்பா. அம்மாவும்."

"நான் வந்து எடுத்துச் சொல்றேனே கண்ணு. அப்பா இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்."

"வேண்டாம்ப்பா. என்னை மட்டுந்தான் கேப்பாங்க. இங்க அப்படித்தான்."

கதவு மூடிக்கொண்டது. இத்தனை தூரம் பேசுவதற்காகவே பறந்து வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு குழந்தை வரைந்த மீன் படம்.

முதலில் அதிகாரியின் குரல் கேட்டது, சின்னதாக, கேள்வி கேட்கிற குரல். பிறகு இடைவெளி. நீண்ட இடைவெளி. வசந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபின் பிறர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

பிறகு தாரணி பேச ஆரம்பித்தாள். ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. முதலில் தட்டுத்தடுமாறி, நிறுத்தி நிறுத்தி. பிறகு நிறுத்தவேயில்லை. அழுதாளா தெரியவில்லை, குரல் உடையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அது போய்க்கொண்டே இருந்தது.

"இவ இத்தன பேசுவாளாங்க?" என்றாள் வசந்தாமணி.

என் போன் அடித்தது. சம்மந்தி. எடுக்காமல் விடலாமா என்று யோசித்தேன். எடுத்தேன்.

"வாத்தியாரே, பையன் என்னென்னமோ சொல்றானுங். புள்ளகிட்டப் பேசி முடிச்சுட்டீங்களா?"

"இல்லீங்" என்றேன். "புள்ள பேசிட்டிருக்குது. முடியட்டும்."